பொம்பளைக் கோடு

எங்கள் ஆபீஸில் காலையில் முதல் வேலை காகிதத்தைக் குளிர்காய வைப்பது. மனிதர்கள் அதற்கு அப்புறம்தான். கொடைக்கானலில் மஞ்சு என்கிற மூடுபனி ஜன்னல் வழியாக வரும், கதவிடுக்கு வழியாக வரும், பூட்டி வைத்த இழுப்பறைக்குள்ளும் எப்படியோ நுழைந்துவிடும். முந்தின நாள் விறைப்பாக இருந்த காகிதம் மறுநாள் நமத்த அப்பளம் மாதிரி தொய்ந்து கிடக்கும். கும்முட்டி அடுப்பில் கரியைப் போட்டு மூட்டி, அதற்கு மேலே கட்டிய கொடியில் கட்டடப் படங்களை ஒவ்வொன்றாகக் கிளிப் மாட்டித் தொங்கவிடுவோம். மொடமொடப்பு வந்ததும் எடுத்துப் பலகையில் விரிப்போம். மலைமேல் எனக்குத் தெரிந்த எல்லா ஆபீஸிலும் இதுதான் வழக்கம். இதில் ஒரு தப்பு ஒளிந்திருக்கும் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை. அந்தத் தப்பை என் தலையில் கட்டப் பார்த்தார்கள். நான் கட்டிக்கொள்ளவில்லை. அதைத்தான் சொல்ல வந்தேன்.

எழுபதுகளின் பின்பாதி. வீடு, பள்ளிக்கூடம், விடுதி என்று வருகிற கட்டடங்களுக்குப் படம் போட்டுக் கொடுத்து, கட்டுகிற வேலையையும் மேற்பார்வை பார்க்கும் சின்ன ஆபீஸ் அது. ஓர் எஞ்சினியர், அவர்தான் முதலாளி. நாங்கள் 'சார்' என்போம். அவருக்குக் கீழே படம் வரைகிற ஆண்கள் இரண்டு பேர், அப்புறம் நான். திண்டுக்கல்லில் படம் வரையும் படிப்பை முடித்துவிட்டு, அட்டுவம்பட்டியிலிருந்து தினமும் நடந்து வேலைக்குப் போனேன். என்னைச் சேர்க்கும்போது சார் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "பொம்பளப் பிள்ளைக்குக் கை நிதானமா இருக்கும். டிரேஸ் மட்டும் எடுக்கட்டும்." அடுத்தவர் பென்சிலில் வரைந்ததன் மேல் கண்ணாடி மாதிரியான காகிதத்தை விரித்து, கீழே தெரிகிற கோட்டை மையில் அப்படியே இழுப்பதுதான் டிரேஸ். கை இருந்தால் போதும், மூளை வேண்டாம் என்பது அவர் கணக்கு. ஒரு வருஷம் பொறுத்தேன். அப்புறம் அவர் போட்ட மாடிப்படி ஒன்று கதவில் போய் முட்டுவதை அவர் மேஜையிலேயே கொண்டுபோய் வைத்தேன். அன்றிலிருந்து என்னையும் வரையவிட்டார். நன்றி சொல்லவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

மையில் முடிந்த டிரேஸ்தான் மூலம். அது ஆபீஸை விட்டு வெளியே போகாது. அதை மஞ்சள் பூச்சுப் பூசிய காகிதத்தின் மேல் வைத்து வெளிச்சம் காட்டி, அம்மோனியா ஆவியில் விட்டால் கருநீலக் கோடாகப் பிரிண்ட் விழும். அந்த நெடி மூக்கில் ஏறினால் கண்ணில் தண்ணீர் கொட்டும். மதியச் சாப்பாட்டிலும் அந்த நெடிதான் இருக்கும். மூலம் ஒன்று, பிரிண்ட் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். ஊருக்குப் போவதெல்லாம் பிரிண்ட்தான்.

சாருக்கு இதில் இரண்டு கொள்கைகள் இருந்தன. ஒன்று, யாராக இருந்தாலும் ஒரே பிரிண்ட். பணம் போடுகிற மிஷன்காரர்களுக்கும் அதே பெரிய தாள், சுவர் எழுப்பும் கொத்தனாருக்கும் அதே தாள், கூரைக்கு இரும்பு வெட்டுகிறவருக்கும் அதே தாள். கன்னியர் மடத்து மதர் ஒருவர் அந்தத் தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்து, "கிச்சன் நல்ல வெளிச்சமா இருக்கு" என்று பாராட்டினார். அவர் விரல் வைத்திருந்தது கழிப்பறையின் மேல். சார் தலையை ஆட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் அந்த மதருக்கு ஒரு அட்டையில் கட்டடத்தை முன்பக்கத்திலிருந்து பார்க்கிற மாதிரி வண்ணத்தில் வரைந்து காட்டலாமா என்று கேட்டேன். "நாம என்ன வாழ்த்து அட்டையா விக்கிறோம்?" என்றார் சார். மற்ற இருவரும் சிரித்தார்கள்.

இரண்டாவது கொள்கைதான் விஷம். படம் சுத்தமாக இருக்க வேண்டும். சுத்தம் என்றால் எண் இருக்கக் கூடாது. கட்டடத்தின் மொத்த நீளம் மட்டும் எழுதலாம். மற்றதெல்லாம் பார்க்கிறவன் ஸ்கேலை வைத்து அளந்துகொள்ள வேண்டியது. மூலையில் 'ஒன்றுக்கு ஐம்பது' என்று எழுதியிருக்கும். காகிதத்தில் ஒரு சென்டிமீட்டர் என்றால் தரையில் ஐம்பது சென்டிமீட்டர். "ஒழுங்கா வரைஞ்ச படத்துக்கு எண் எதுக்கு? எண் எழுதுறவனுக்குத் தன் கோட்டு மேலயே நம்பிக்கை இல்லன்னு அர்த்தம்" என்பார். நான் படித்த இடத்தில் இதற்கு நேர்மாறாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எழுதிய எண்ணைத்தான் நம்ப வேண்டும், படத்தை அளக்கவே கூடாது என்று. அதைச் சொன்னால், "அது பரீட்சைக்கு" என்பார்.

பள்ளிக்கூடம் ஒன்றுக்குச் சாப்பாட்டுக் கூடம் கட்டுகிற வேலை வந்தது. அந்தப் பள்ளியை நடத்தியவர் மேலே சொன்ன அதே மதர்தான். விடுதிப் பிள்ளைகள் அதுவரை தகரக் கொட்டகையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். காற்றடித்தால் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிடுவார்கள். என் அம்மா அந்த விடுதிச் சமையலறையில்தான் வேலை பார்த்தாள். அதனால் இந்தப் படத்தை நான் கேட்டு வாங்கி வரைந்தேன். நடுவில் தூண் இல்லாத பெரிய கூடம். இரண்டு பக்கச் சுவருக்கும் மேலே இரும்புக் கோணத்தில் செய்த முக்கோணச் சட்டங்கள் வரிசையாக உட்கார வேண்டும். அதன் மேல் கூரை.

சட்டம் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை உட்கார வேண்டும் என்பதற்கு நான் அம்புக்குறி போட்டு எண் எழுதியிருந்தேன். சார் வந்தார், பார்த்தார், பிளேடை எடுத்து என் கையில் கொடுத்தார். டிரேசிங் காகிதத்தில் மையை அழிப்பதென்றால் பிளேடால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். "சுத்தமா வேணும்" என்றார். நான் எழுதியதை நானே சுரண்டினேன். அந்த இடத்தில் காகிதம் சொரசொரப்பாகிவிட்டது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் இன்றைக்கும் தெரியும்.

இரண்டு பிரிண்ட் எடுத்தோம். ஒன்று சைட்டில் கொத்தனார்கள் ஷெட்டில் ஆணியில் தொங்கியது. ஷெட்டுக்குக் கதவு கிடையாது. ஆடி, ஆவணி முழுக்க மஞ்சும் சாரலும் அதன் மேல்தான். இன்னொன்று பஸ்ஸில் மலையிறங்கி ஒட்டன்சத்திரம் போனது. அங்கே ஒரு பாயின் இரும்புப் பட்டறையில்தான் சட்டங்கள் செய்ய ஏற்பாடு. அந்த ஊர் வெயிலுக்குக் காய்கறி மார்க்கெட்டில் மூட்டையிலேயே தக்காளி வெந்துவிடும். தகரக் கூரை போட்ட பட்டறைக்குள் கேட்கவே வேண்டாம். பாய் ஸ்கேலை வைத்து அளந்தார். மேலே கொத்தனார் ஸ்கேலை வைத்து அளந்தார். இரண்டு பேரும் சார் சொன்னபடிதான் செய்தார்கள்.

சட்டங்கள் லாரியில் ஏறி வந்த நாள் ஊரே வேடிக்கை பார்த்தது. அவ்வளவு நீளத்துக்கு இரும்பை மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பிக் கொண்டுவந்ததே பெரிய விஷயம். லாரிக்குப் பின்னாலேயே ஜீப்பில் பாயும் வந்திருந்தார். முதல் சட்டத்தைக் கயிறு கட்டி மேலே ஏற்றினார்கள். "ஏலே, மெல்ல! மெல்ல எறக்கு!" என்று பாய் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தார். ஒரு முனை சுவரில் உட்கார்ந்தது. மறு முனை காற்றில் நின்றது. சுவருக்கும் அதற்கும் அரைச் சாண் இடைவெளி.

இன்னொரு சட்டத்தை ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் அரைச் சாண். அதற்குள் மதர் வந்துவிட்டார், சமையலறைப் பெண்கள் வந்துவிட்டார்கள், ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி என் அம்மாவும். சார் பாயைப் பார்த்தார். பாய் கொத்தனாரைப் பார்த்தார். கொத்தனார் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.

"என்ன பாய், இப்படிக் குட்டையா வெட்டி வெச்சிருக்கீங்க?" என்றார் சார்.

"நான் என்ன என் இஷ்டத்துக்கா சார் வெட்டுனேன்? ஒங்க படத்த அளந்துதான வெட்டுனேன். படம் ஜீப்புலதான் கெடக்கு, வேணும்னா நீங்களே அளந்து பாருங்க."

அப்போது சார் அந்த வாக்கியத்தைச் சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படி, மதரைப் பார்த்துச் சொன்னார். "இந்தப் படம் போட்டது எங்க லேடி டிராப்ட்ஸ்மேன். சின்னப் பொண்ணு. ஏதோ கவனமில்லாமப் போட்டிருக்கு."

எனக்குக் காதெல்லாம் சூடேறியது. எத்தனையோ படங்கள் நான் போட்டதுதான், ஒன்றுக்குக்கூட 'எங்க லேடி' என்று அவர் சொன்னதில்லை. தப்பு என்றதும் படத்துக்கு உடனே ஒரு பெண் கிடைத்துவிட்டாள்.

மறுநாள் என் மேஜையில் டைப் அடித்த ஒரு தாள் இருந்தது. கூடத்தின் கூரைப் படத்தில் அளவுப் பிழை என் கவனக்குறைவால் ஏற்பட்டது, இனிமேல் டிரேஸ் எடுக்கும் வேலையை மட்டும் செய்யச் சம்மதிக்கிறேன் என்று நான் சொல்வதாக எழுதியிருந்தது. கீழே கோடு போட்டு, என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். "இதுல ஒரு கையெழுத்தப் போட்டுரும்மா. மிஷன்ல கேக்குறாங்க. ஒனக்கு வேலையும் போகாது, பிரச்சனையும் முடிஞ்சிரும்" என்றார் சார், ரொம்ப அன்பாக. அந்த அன்புதான் எனக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குத் திட்டியிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

வீட்டில் அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "கிச்சன்ல எல்லாரும் ஒன்னத்தான் பேசுறாங்க. எனக்கு மொகங்குடுத்து நிக்க முடியல."

"நான் தப்பாப் போடல."

"தப்பாப் போட்டியோ, சரியாப் போட்டியோ. ஒரு கையெழுத்துதானடி. போட்டுட்டு ஒஞ் சோலியப் பாரு. சார மொறச்சிக்கிட்டா நாளைக்கு இந்த ஊருல எவன் சேப்பான்?"

"போட்டா டிரேஸ் மட்டுந்தாம்மா எடுக்கணும். சாகுற வரைக்கும் அடுத்தவன் கோட்டையே இழுக்கணும்."

அம்மாவுக்கு டிரேஸ் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் சொன்ன அளவுக்கு உப்புப் போட்டவள். தட்டை எடுக்கும்போது சொன்னாள். "போடலேன்னா போடலேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வா. பாதியில அழுதுட்டு மட்டும் வந்து நிக்காத."

மறுநாள் வெள்ளனே கிளம்பிச் சைட்டுக்குப் போய், ஷெட்டில் தொங்கிய பிரிண்டைக் கழற்றிக்கொண்டு ஆபீஸுக்கு வந்தேன். பாயும் அங்கே உட்கார்ந்திருந்தார். சட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகச் சொல்லிச் சார் அவரை நெருக்கிக்கொண்டிருந்தார். பாய் தன் பிரிண்டைச் சாரலுக்குப் பயந்து பிளாஸ்டிக் தாளில் சுருட்டி, இரண்டு முனையையும் ரப்பரால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிப் பிரித்தேன். மொடமொடவென்று சத்தம் போட்டது. ஷெட்டுப் பிரிண்டோ ஈரத் துண்டு மாதிரி தொங்கியது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிடித்தேன்.

இடதுபக்கச் சுவர் சுவரோடு பொருந்தியது. வலதுபக்கச் சுவர் பொருந்தவில்லை. ஒரு தாயின் இரண்டு பிள்ளைகளில் ஒன்று மட்டும் கொஞ்சம் வளர்ந்திருந்தது.

கடுகளவு வித்தியாசம்தான். ஆனால் கடுகை ஐம்பதால் பெருக்கினால் அரைச் சாண். என்ன நடந்தது என்று எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. வருஷக்கணக்காக ஒவ்வொரு காலையும் கும்முட்டி அடுப்புக்கு மேலே காகிதத்தைத் தொங்கவிட்டவள் நான். தொய்வதையும் விறைப்பதையும் தினமும் கையால் தொட்டுப் பார்த்தேன். தொய்வது நீள்கிறது, விறைப்பது சுருங்குகிறது என்று யாரும் ஸ்கேல் வைத்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"பிரிண்ட் மெஷின்ல ஏதோ இழுத்திருக்கும்" என்றார் சார்.

"அப்ப நான் தப்பாப் போடலைங்கிறீங்களா சார்?"

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே மதரின் குரல் கேட்டது. சமாதானப் பேச்சுக்கு வந்திருந்தார். நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அவர் உட்கார்ந்ததும் ஷெட்டுப் பிரிண்டைச் சாரின் மேஜையில் விரித்தேன். சாரின் சொந்த எஃகு ஸ்கேலையே எடுத்து அவர் கையில் கொடுத்தேன். சுவருக்குச் சுவர் அளக்கச் சொன்னேன். "நான் அளக்கல சார். நான் கவனமில்லாதவ. நீங்களே அளங்க." மதருக்காக வேண்டி அளந்தார். எண்ணை ஓரத்தில் பென்சிலால் குறித்தார். அதே தாளை எடுத்துப் போய்க் கும்முட்டி அடுப்புக்கு மேலே கொடியில் மாட்டினேன். எல்லாருக்கும் டீ வந்தது. பாய் மட்டும் டீயை உறிஞ்சியபடி காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி.

காகிதம் விறைத்ததும் கழற்றிக் கொண்டுவந்து மறுபடியும் விரித்தேன். "இப்ப அளங்க சார்."

அளந்தார். ஸ்கேலை எடுத்துவிட்டு மறுபடி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி அளந்தார்.

"எவ்வளவு இருக்கு, எஞ்சினியர் சார்?" என்று மதர் கேட்டார்.

"கொஞ்சம்... கம்மியாத்தான் இருக்கு."

"அட, அப்ப நானும் சரியாத்தான் வெட்டியிருக்கேன், கொத்தனும் சரியாத்தான் கட்டியிருக்கான்! இந்தத் தங்கச்சியும் சரியாத்தான் போட்டிருக்கு!" பாய் தொடையில் தட்டிச் சிரித்தார். "காயிதந்தான் சார் எல்லாரையும் ஏமாத்தியிருக்கு."

"காகிதம் ஏமாத்தல பாய். நான் எண்ணு எழுதித்தான் இருந்தேன்" என்று சொல்லி, இழுப்பறையிலிருந்து மூலத்தை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். சுரண்டின இடம் வெளேரென்று தெரிந்தது. அம்புக்குறியின் ஒரு முனைகூட மிச்சம் இருந்தது. மதர் சாரைப் பார்த்தார். சார் ஸ்கேலைப் பார்த்தார்.

மன்னிப்பு என்று ஒரு சொல் இருப்பதே எங்கள் ஆபீஸுக்குத் தெரியாது. "சரி சரி, ஆனது ஆச்சு, இனி ஆக வேண்டியதப் பாப்போம்" என்று எழுந்தார் சார். சுவரின் உள்பக்கம் கான்கிரீட்டில் ஒரு தாங்கல் நீட்டி, சட்டத்தை அதன் மேல் இரும்புத் தகடு வைத்துப் பற்றவைப்பதென்று முடிவானது. மழைக்கு முன்னால் முடிக்க வேண்டும். "நீயே போட்டுரும்மா, வெரசா" என்றார் என்னிடம்.

"போடுறேன் சார். ஆனா எல்லா எண்ணும் எழுதித்தான் போடுவேன். கொத்தனாருக்குத் தனியா ஒரு தாள், அவருக்கு வேண்டியது மட்டும். பாய்க்குத் தனியா ஒரு தாள். அப்புறம் அடியில ஒரு கோடு போடுவேன்."

"என்ன கோடு?"

"தேசப்படத்துல இருக்குமே சார், அது. ஒரு மீட்டர், ரெண்டு மீட்டர்னு கட்டம் கட்டமாப் பிரிச்ச கோடு. காகிதம் நீண்டா அதுவும் நீளும், சுருங்குனா அதுவும் சுருங்கும். ஸ்கேல எடுக்காம அந்தக் கோட்ட வெச்சு அளந்தா எந்த ஊருல அளந்தாலும் சரியா வரும்."

"என் ஆபீஸ்ல எனக்கே சட்டம் போடுறியா?"

"ஆபீஸ் ஒங்களோடதுதான் சார். கை என்னோடது."

மற்ற இருவரும் அன்றைக்குச் சிரிக்கவில்லை. டைப் அடித்த தாளை எடுத்துச் சாரிடம் நீட்டி, இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். மூஞ்சிக்கு நேராகத்தான் சொன்னேன். அழவில்லை. அவர் வாங்கி இழுப்பறையில் போட்டு மூடினார். சண்டை முற்றி, என்னை வெளியே போகச் சொல்லியிருப்பாரோ என்னவோ, பாய் குறுக்கே புகுந்தார். "தங்கச்சி சொல்ற அந்தக் கோடு இல்லாம படம் வந்தா நான் வெல்டிங் பண்ண மாட்டேன் சார். இன்னொருக்கா இவ்வளவு இரும்பத் தூக்கிக்கிட்டு மலை ஏற என்னால ஆகாது."

ஐப்பசி மழைக்கு முன் கூரை ஏறியது. பிள்ளைகள் தட்டைப் பிடிக்காமல் ஒரு கை சும்மா இருக்கச் சாப்பிட்டார்கள். அம்மா அதைப் பற்றி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. கிச்சனில் என்ன சொன்னாள் என்பது எனக்கு வேறு ஆள் மூலமாகத் தெரியவந்தது. நிறையச் சொல்லியிருக்கிறாள்.

சார் என்னைச் சும்மா விடவில்லை. அதற்குப் பிறகு வெகு காலம் எனக்குக் கிடைத்ததெல்லாம் செப்டிக் டேங்க். வீடு, பங்களா, சர்ச் எல்லாம் அவர்கள் இருவருக்கும், அவற்றின் பின்பக்கத்துக் குழி எனக்கு. போட்டேன். ஒவ்வொரு செப்டிக் டேங்குக்கும் எல்லா எண்ணும் எழுதி, அடியில் கோடும் போட்டேன். மலைமேல் அவ்வளவு துல்லியமான செப்டிக் டேங்குகள் வேறெங்கும் இருக்க முடியாது. மற்ற இருவரும் அந்தக் கோட்டுக்கு 'பொம்பளைக் கோடு' என்று பெயர் வைத்தார்கள். பிரிண்டை எடுத்துக் கொடுக்கும்போது, "பொம்பளைக் கோடு இருக்கா பாரு, இல்லேன்னா மேடத்துக்குக் கோபம் வந்துரும்" என்பார்கள். கோபம் வரத்தான் செய்தது. ஆனால் பெயரை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. வைத்தவர்களே சுமக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கோடு எப்படிப் பரவியது என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பாய் தன் பட்டறைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கேட்க ஆரம்பித்தார். கொத்தனார்கள் சைட்டுக்கு சைட் மாறும்போது அதையும் கொண்டுபோனார்கள். அவர்களுக்கு ஸ்கேலைவிட நூல் வசதி. படத்தில் சுவர்மேல் நூலை வைத்துப் பிடித்து, அதைக் கோட்டின் மேல் கொண்டுவந்து வைத்தால் அளவு கையில். ஒரு தடவை ஆயக்குடிப் பக்கம் தோட்டத்து வீடு ஒன்றுக்குப் போன படம் அப்படியே திரும்பி வந்தது. கொண்டுவந்த ஆள், "பொம்பளக் கோடு இல்லையாம், மேஸ்திரி இத வெச்சுக் கட்ட மாட்டேங்கிறாரு" என்று சொல்லிவிட்டு மேஜைமேல் வைத்தான். அது சார் தன் கையால் வரைந்த படம். அன்றைக்கு நான் வேண்டுமென்றே கரியை ஊதி ஊதிச் சத்தமாக இருமிக்கொண்டிருந்தேன், சிரிப்பை அடக்க வேறு வழி தெரியவில்லை.

எண்பதுகளில் பிலிம் வந்தது. பால் நிறத்தில், பிளாஸ்டிக் மாதிரி. நீளாது, சுருங்காது, மஞ்சைப் பார்த்துப் பயப்படாது. இனிமேல் உன் கோடு எதற்கு என்று கேட்டார்கள். மூலம் பிலிமாக இருந்தாலும் ஊருக்குப் போகிற பிரிண்ட் காகிதம்தானே என்றேன். கொஞ்ச நாளில் பஜாரில் ஜெராக்ஸ் கடை வந்தது. அப்புறம்தான் உண்மையான கூத்து. பெரிய தாளைத் தூக்கிக்கொண்டு அலைய யாருக்கு இஷ்டம்? கான்ட்ராக்டர்கள் படத்தைப் பாதியாகச் சுருக்கி ஜெராக்ஸ் எடுத்துச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்கள். மூலையில் 'ஒன்றுக்கு ஐம்பது' என்று அப்படியே இருக்கும். அந்தத் தாளில் இருந்ததிலேயே பெரிய பொய் அதுதான். கோடு மட்டும் படத்தோடு சேர்ந்து தானும் பாதியாகியிருக்கும், அதனால் சரியாக இருக்கும். காகிதம், பிலிம், ஜெராக்ஸ், எந்த ரூபத்தில் யார் கைக்குப் போனாலும், படத்தோடு கூடவே நீண்டு கூடவே குறுகுகிற ஒன்று அதற்குள் இருக்க வேண்டும். மற்றவற்றை யார் வேண்டுமானாலும் தங்கள் வசதிப்படி தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும். எனக்கு இதில் அன்றும் இன்றும் இரண்டாவது கருத்துக் கிடையாது.

எண்பதுகள் முடிகிற சமயம் சார் ஆபீஸை மூடிவிட்டு மகனோடு கீழே போய் இருப்பதென்று முடிவு செய்தார். மற்ற இருவரும் அதற்குள் வேறு இடம் போயிருந்தார்கள். சாமான்களை ஒதுக்க நான்தான் கூட இருந்தேன். கடைசியாக அவர் மேஜை இழுப்பறையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். துருப்பிடித்த பிளேடுகள், மைக்கூடு, உடைந்த கவராயம். அவற்றுக்கு அடியில் டைப் அடித்த அந்தத் தாள். ஓரமெல்லாம் பழுப்பேறி, புள்ளி புள்ளியாகப் பூசணம் பூத்திருந்தது. கையெழுத்துக்கு விட்ட இடம் மட்டும் அப்படியே காலி.

சார் அதை எடுத்து வாசித்தார். மெல்லச் சிரித்தார். வயதானதால் வந்த சிரிப்பா, வேறு எதுவுமா என்று தெரியவில்லை. "அன்னைக்கே நீ இதுல ஒரு கையெழுத்தப் போட்டிருந்தீன்னா, எல்லாம் அத்தோட முடிஞ்சிருக்கும்மா" என்றார்.

"ஆமா சார்" என்றேன். "நானும் அத்தோட முடிஞ்சிருப்பேன்."

அவர் தாளை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கும்முட்டி அடுப்பில் போட்டேன். நமத்துப் போயிருந்ததால் பற்றிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. முழுவதும் எரிகிற வரை நான் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.